எலியிடமிருந்து பாம்பைக் காப்பாற்றுவது எப்படி?

வேலூர் சத்துவாச்சாரியில் இருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு,

படிக்கும் மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயது தாண்டிய பால் பைத்தான் (ball python, பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு), எடை சுமார் 450 கிராம். கடையில் வாங்கிய வெள்ளை எலியை மாலையில் உயிரோடு தொட்டிக்குள் விட்டீர்கள். பாம்பு கண்டுகொள்ளவில்லை. ராத்திரியில் எப்படியும் பிடித்துவிடும் என்று படுத்துவிட்டீர்கள். விடிந்து பார்த்தால் எலி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, பாம்பின் முதுகில் இரண்டு இடத்தில் தோல் கிழிந்திருக்கிறது. உயிருள்ள எலியை ஆபத்தில்லாமல் கொடுக்க என்ன வழி என்பது உங்கள் முதல் கேள்வி. அணைக்கட்டு வட்டத்தில் உங்கள் ஊரில் வயலெலி பிடிக்கும் இருளர் பெரியவரிடம் எலி வாங்கிக் கொடுக்கலாமா என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் காயத்தைக் கவனியுங்கள், அதுதான் இன்றைய வேலை. தொட்டிக்குள் போட்டிருக்கும் தேங்காய் நார்த் தூள், மரத்தூள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் வெள்ளைத் தாளை விரியுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் நீரால் காயத்தைக் கழுவுங்கள். பிறகு பொவிடோன் அயோடின் கரைசலைச் சுத்தமான தண்ணீரில் கலந்து, பால் ஊற்றாத லேசான டீயின் நிறத்துக்கு வரும்வரை நீர்க்கச் செய்து, பஞ்சால் ஒற்றி எடுங்கள். தினமும் ஒருமுறை போதும். மஞ்சள் தூள் அப்ப வேண்டாம், வேப்பெண்ணெய் வேண்டாம், வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான களிம்பும் வேண்டாம். நம் வீடுகளில் எந்தப் புண்ணுக்கும் கை முதலில் மஞ்சளுக்குத்தான் போகும். ஆனால் தூளும் எண்ணெயும் செதில்களுக்கு அடியில் அடைந்து கொண்டால் அழுக்கும் கிருமியும் அங்கேயே தங்கிவிடும். தாளை தினமும் மாற்றுங்கள். தொட்டியின் சூடான பக்கம் சூடாகவே இருக்கட்டும், குளிர்ந்த பாம்புக்குப் புண் ஆறாது.

சதை தெரிகிறது, வீங்குகிறது, சீழ் வைக்கிறது, கடி கண்ணிலோ வாயிலோ முதுகெலும்பின் மேலோ பட்டிருக்கிறது, இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஊர்வனவுக்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஊசியாகத்தான் போடுவார்கள். எடைக்கும் உடல் சூட்டுக்கும் ஏற்ற அளவு, சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்த ஊசி என்று அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. நாய்க்கு எழுதிய மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் விஷயம் இல்லை இது. வேலூரில் நீங்கள் போகும் மருத்துவர் பாம்பு பார்த்துப் பழகியவரா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போவது நல்லது. வாய் கட்டிய துணிப்பைக்குள் பாம்பு, அந்தப் பை காற்றுத் துளை போட்ட பெட்டிக்குள், பெட்டி வெயில் படாத இடத்தில். காயம் மூடும்வரை உயிருள்ள இரை என்ற பேச்சே கூடாது.

இனி, இது ஏன் நடந்தது என்பது. ஒரு பாம்பு எலியிடம் கடிபடுவது பலருக்கு நம்ப முடியாத செய்தியாக இருக்கிறது. காட்டில் தினமும் எலி தின்று வாழ்கிற உயிர்தானே என்பார்கள். காட்டில் எலிக்கு ஓட வழி இருக்கிறது, பாம்புக்கும் நகர்ந்து போக இடம் இருக்கிறது. பசி இல்லாத பாம்பின் பக்கத்தில் எலி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கப் போவதில்லை. மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் இரண்டுமே சிறைப்பட்டவை. எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்தே ஆக வேண்டும். உள்ளே தீனியும் தண்ணீரும் இல்லை என்றால் கொறிக்கக் கிடைப்பது பாம்பு ஒன்றுதான். பாம்புக்குக் கண்ணை மூட இமை இல்லை, தட்டிவிடக் கை கால் இல்லை. பயந்த பால் பைத்தான் செய்வது ஒன்றே ஒன்று: தலையை நடுவில் வைத்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருண்டு கிடக்கும்போது முதுகு முழுவதும் எலிக்குத் திறந்து கிடக்கிறது. முதுகெலும்பு தெரியும்வரை கொறிக்கப்பட்ட பாம்புகள் உண்டு, உயிரை விட்டவையும் உண்டு. உங்களுடையது இரண்டு கிழிசலோடு தப்பியது.

ஆக, பெரும்பாலும் கடிபடுவது பசித்த பாம்பு அல்ல, பசிக்காத பாம்புதான். நல்ல சூட்டில் இருக்கும் பசித்த பைத்தான் எலியின் தலைப் பக்கமாகப் பாய்ந்து பிடித்து, அதே கணத்தில் சுற்றி இறுக்கிவிடும். 2015இல் அமெரிக்காவில், பைத்தான் போலவே இரையை இறுக்கிக் கொல்லும் போவா பாம்புகளை வைத்து நடந்த ஆய்வில், இறுக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே எலியின் ரத்த அழுத்தம் சரிந்து ரத்த ஓட்டமே தடைபடுவதைப் பதிவு செய்தார்கள். மூச்சுத் திணறித்தான் இரை சாகிறது என்று அதுவரை பரவலாக நம்பப்பட்டது. அவ்வளவு வேகமாக வேலை முடியும்போது எலிக்குத் திருப்பிக் கடிக்க நேரம் கிடைப்பது அரிது. எனவே எலியை எப்படி விடுவது என்று கேட்பதற்கு முன்னால், பாம்புக்குப் பசி இருக்கிறதா, இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்டுப் பழக வேண்டும். எனக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்வியைக் கேட்காமல் எலியை உள்ளே விடுவதால்தான் முக்கால்வாசி விபத்தும் நடக்கிறது.

பசி இல்லாமைக்கு வேலூரில் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டைத்தான். வெயிலூர் என்று கேலி பேசும் ஊரில் பாம்புக்குக் குளிரா என்று தோன்றலாம். மார்கழி, தை மாத இரவுகளில் இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. மாடி அறையில், சிமெண்ட் தரையில் வைத்த கண்ணாடித் தொட்டி அறையை விட வேகமாகக் குளிரும். பால் பைத்தானுக்குத் தொட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரியும் மறுமுனை 26 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். அது தன் தேவைக்கு இரண்டுக்கும் நடுவே நகர்ந்துகொள்ளும். சூடான முனை 27க்கு வந்துவிட்டால் முதலில் பசி போகும். அப்படியும் ஏதோ ஆசையில் விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் செரிமானம் நடக்காமல் இரை அழுகத் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் கக்கிவிடும். கக்கிய பாம்புக்குக் குறைந்தது பத்து, பன்னிரண்டு நாள் ஓய்வு கொடுத்து, பிறகு பாதி அளவு இரையில்தான் மறுபடி தொடங்க வேண்டும். ஹீட் மேட்டை (தொட்டிக்குச் சூடேற்றும் மின் விரிப்பு) தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோடு நிறுத்தும் கருவி) இல்லாமல் வைக்கவே கூடாது, அடிவயிறு வெந்துபோகும். இரை கொடுக்கும் நாளில் கரண்ட் போகும் என்று அறிவிப்பு இருந்தால் இரையைத் தள்ளிப் போடுங்கள், அல்லது இன்வெர்ட்டரில் இணையுங்கள். கத்திரி வெயிலில் நிலைமை தலைகீழ். வெளியே 40 தாண்டும் நாட்களில் மாடி அறை வெறுமனே 36, 37க்குப் போய்விடும். அதில் பாம்பு தவித்துக்கொண்டு தண்ணீர்ச் சட்டியில் கிடக்கும், சாப்பிடாது. அந்த மாதங்களில் தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிடுவதே நல்லது. கையில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி, இரண்டு முனைக்கும் தனித்தனியாக, இல்லாமல் பாம்பு வளர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சூடு சரியாக இருந்தும் சாப்பிடாததற்கு வேறு காரணங்கள் உண்டு. கண் பால் படர்ந்தது போல மங்கி நீலம் பாய்ந்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. அந்த நாட்களில் கண் சரியாகத் தெரியாது, இரையைக் கிட்டே கொண்டுபோகவே வேண்டாம். புதிதாக வந்த பாம்புக்கு ஒரு வாரமாவது தனிமை வேண்டும். ஒளிந்துகொள்ள மறைவிடம் இல்லாத பாம்பு பயத்திலேயே இருக்கும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று உடம்பு இறுக்கமாகப் பொருந்தும் இரண்டு மறைவிடம் வையுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் வளர்ந்த பால் பைத்தான்கள், முக்கியமாக ஆண்கள், சில மாதங்கள் தொடர்ந்து பட்டினி கிடப்பது சகஜம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை பெரிதாகக் குறையாதவரை அது நோன்புதான், நோய் இல்லை. பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மருத்துவரைப் பாருங்கள். பாம்பு சாப்பிடவில்லை என்றதும் பாலும் முட்டையும் வைக்கச் சொல்லி நாலு பேர் வருவார்கள், ஆடி மாதம் புற்றில் ஊற்றுகிறோமே என்று. அந்தப் பக்தி வேறு விஷயம். பாம்புக்குப் பால் உணவு அல்ல, உங்கள் பைத்தானுக்கு அதைச் செரிக்கவும் வராது.

இப்போது நேரடியாக உங்கள் கேள்விக்கு வருகிறேன். உயிருள்ள எலியை முழுக்க ஆபத்தில்லாமல் கொடுக்க வழி கிடையாது. ஆபத்தைக் குறைக்கத்தான் முடியும். முழுப் பாதுகாப்பு வேண்டும் என்றால் ஏற்கெனவே கொன்ற எலிக்குப் பாம்பைப் பழக்க வேண்டும். பாம்புக்குக் காயம் இல்லை, எலிக்கும் நீண்ட அச்சம் இல்லை. எலியின் வேதனையையும் நான் கணக்கில் எடுக்கிறேன். பாம்பு வாழ எலி சாக வேண்டும் என்பது இயற்கை. ஒரு கண்ணாடிப் பெட்டியில் அது மணிக்கணக்கில் நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று இயற்கை சொல்லவில்லை.

சிக்கல், உறைய வைத்த எலி நம் ஊரில் கறிக்கடை மாதிரித் தெருவுக்குத் தெரு கிடைக்காது. சென்னை, பெங்களூரு வளர்ப்பாளர்களிடம் சொல்லி வைத்து ஐஸ் பெட்டியில் வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் உயிரோடு வாங்கி, வலியில்லாமல் கொன்று, ஃப்ரீசரில் வைக்கிறார்கள். வலியில்லாமல் என்பதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. முறையாகச் செய்வது என்றால் சிலிண்டரில் இருந்து கார்பன் டை ஆக்சைடை மெதுவாக, அளவாகச் செலுத்துவது, அல்லது பழகிய கை ஒரே இழுப்பில் கழுத்தெலும்பை விலக்குவது. இரண்டையும் ஒரு கால்நடை மருத்துவர் செய்து காட்டினால்தான் செய்ய வேண்டும். கண் திறக்காத குட்டிகளுக்கு அந்த வாயு மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் அவற்றுக்கு அந்த முறை பொருந்தாது. உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது, தண்ணீரில் அமுக்குவது, பையில் போட்டுச் சுவரில் அடிப்பது, இவை கொடுமை. குளோரோஃபார்ம் போன்றவற்றில் கொன்றால் அந்த ரசாயனம் எலியின் உடம்போடு பாம்புக்குள் போகும்.

ஃப்ரீசர் விஷயத்தில் வீட்டில் அம்மாவிடம் மறைக்காதீர்கள். மீன் வைத்திருக்கும் அதே தட்டில் கறுப்புக் கவரில் எலி இருப்பது என்றாவது தெரியவரும், அன்றோடு பாம்பும் வீட்டை விட்டுப் போகும். நாற்றமோ அருவருப்போ மட்டும் காரணம் இல்லை. எலியின் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், உறைய வைத்தால் அது சாகாது. பாம்புக்கு வாங்கிய உறைந்த எலிகளால் மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கு பரவியதை 2010இலும் 2014இலும் அமெரிக்கச் சுகாதாரத் துறை கண்டறிந்து எச்சரித்தது. பழைய சிறு ஃப்ரீசர் ஒன்றைத் தனியாக வாங்குவது சிறந்தது. முடியாவிட்டால் இறுக்கமான மூடி போட்ட தனி டப்பா, அதற்குள் ஒவ்வொரு எலிக்கும் தனி ஜிப் கவர், மேலே தேதி. ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு டப்பாவை ஃப்ரீசரில் இருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மெதுவாக உருகும். மறுநாள் மாலை கவரோடு சூடான தண்ணீரில் இருபது நிமிடம். கொதிநீர் கூடாது, மைக்ரோவேவ் கூடவே கூடாது. அதில் உள்ளே ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பனிக்கட்டியாக இருக்கும், வயிறு வெடிக்கும். வயிற்றைத் தொட்டு அழுத்திப் பாருங்கள், நடுவில் கெட்டியாக இருந்தால் இன்னும் உருகவில்லை. மேல்தோல் 38 டிகிரி வரை இருக்கட்டும். காரணம் இதுதான்: பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை சூட்டை உணரும் உறுப்புகள். ஆறிப்போன எலி அதன் கணக்கில் இரையே அல்ல. உருகிய எலியைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது, சாப்பிடாவிட்டால் புதைத்துவிடுங்கள்.

உயிருள்ள இரைக்கே பழகிய பாம்பு முதல் முறையே மாறிவிடாது. நான் சொல்லிக்கொடுக்கும் வழி, முதலில் அப்போதுதான் கொன்ற, உடம்புச் சூடு மாறாத எலி. அதை இரண்டு மூன்று முறை எடுத்துக்கொண்ட பிறகு உருக்கிய எலி. விளக்கை அணைத்து, இருட்டிய பிறகு, ஓரடி நீள இடுக்கியால் எலியின் வால் அடியைப் பிடித்து மறைவிடத்தின் வாசலில் மெல்ல அசையுங்கள். முகத்தில் இடிக்காதீர்கள், அது தாக்குதலாகத் தோன்றும். தலைப் பகுதியை மட்டும் ஹேர் டிரையரால் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கினால் பாம்பு தலையைக் குறிவைத்துப் பிடிக்கும். எலி வளர்த்த கூண்டின் அடித்தாளில் புரட்டிக் கொடுத்தால் சில பாம்புகளுக்கு அந்த வாசனை போதும். பிடிக்கவில்லை என்றால் வாசலிலேயே ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போங்கள். செத்த எலியை ராத்திரி முழுக்க விடலாம், அது யாரையும் கடிக்காது. காலையில் இருந்தால் எடுத்துவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் இரை காட்டாமல் விட்டு மறுபடி முயலுங்கள். தினம் தினம் நீட்டினால் அதற்கு வெறுப்பு வந்துவிடும். ஆரோக்கியமாக இருக்கும் 450 கிராம் பாம்பு ஒன்றிரண்டு மாதம் பிடிவாதம் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது, நீங்கள்தான் பொறுமை இழப்பீர்கள்.

எல்லாம் முயன்று பார்த்தும் மாறவே மாறாத பாம்புகள் சில உண்டு. மெலிந்துகொண்டே போகும் அப்படிப்பட்ட பாம்புக்கு உயிருள்ள இரை கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு எலியின் அளவு முக்கியம். பாம்பின் உடம்பு மிகப் பருத்த இடத்தை விட எலி பருமனாக இருக்கக் கூடாது. உங்கள் பாம்பின் எடைக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40, 45 கிராம் போதும். பெரிய எலி இனத்தில் (சுண்டெலி அல்ல, ராட்) தாயிடம் பால் மறந்த, மூன்று நான்கு வாரக் குட்டி அந்த எடையில் இருக்கும். இப்போது நீங்கள் கொடுத்தது வளர்ந்த எலி என்று படத்தில் தெரிகிறது. அதன் பல் வேறு, பலம் வேறு. சிறு கார்ன் ஸ்நேக் குட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்கள் கொடுக்கும் சுண்டெலிக் குட்டிக்கு இரண்டு வாரம்வரை கண்ணே திறந்திருக்காது.

எலிக்கு வயிறு நிறையத் தீனியும் தண்ணீரும் கொடுத்த பிறகே எடுத்து வாருங்கள், பட்டினி எலிதான் பாம்பைக் கொறிக்கும். ஒரு நேரத்தில் ஒரே எலி. பாம்பு ஒன்றைச் சுற்றியிருக்கும்போது இன்னொன்று பின்னால் இருந்து கடிக்கும். பாம்பு விழிப்பாக, தலையை நீட்டி, நாக்கை அடிக்கடி நீட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்கிறதா என்று பாருங்கள். சுருண்டு தூங்கினால் இன்றைக்கு வேண்டாம். எலியைச் சும்மா இறக்கிவிடாமல், இடுக்கியால் வாலடியைப் பிடித்து, எலியின் தலை பாம்பை நோக்கி இருக்கும்படி நீட்டுங்கள். தலையையோ மார்பையோ பிடித்துச் சுற்றிவிட்டால் கவலை இல்லை, அசையாமல் நில்லுங்கள். பின்பாதியைப் பிடித்துவிட்டால்தான் ஆபத்து, எலியின் வாய் வெளியே இருக்கும். அப்போது தயாராக வைத்திருக்கும் மரக்குச்சியை அதன் பல்லுக்கும் பாம்பின் உடம்புக்கும் நடுவே கொடுங்கள், எலி குச்சியைக் கவ்விக்கொள்ளும். பிரித்து இழுக்க முயலாதீர்கள், பாம்பின் பல் உடையும், உங்கள் விரலும் போகும். பத்து நிமிடத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் எலியை வெளியே எடுத்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடமும் கண்ணை எடுக்கக் கூடாது. போன் வந்தது, யாரோ கேட்டைத் தட்டினார்கள் என்றால் முதலில் எலி வெளியே, பிறகுதான் மற்றது. முடிந்ததும் பாம்பின் உடம்பு முழுக்க வெளிச்சத்தில் பார்வையிடுங்கள், கையில் எடுக்காமல். இரை எடுத்த பாம்பை இரண்டு நாளுக்குத் தொடவே வேண்டாம். அடுத்த இரை பத்து முதல் பதினான்கு நாள் கழித்து.

வயலெலி பற்றி. வேண்டாம், தம்பி. இருளர் பெரியவரின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான விஷம் அங்கிருந்து போகிறது. இருளர் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குறை அவர் பிடிக்கும் முறையில் இல்லை, எலி அதற்கு முன் என்ன தின்றது என்பதில் இருக்கிறது. நம் பக்கம் நெல் வயலில் எலி விஷமாகத் துத்தநாக பாஸ்பைடும் புரோமடியோலோன் கட்டிகளும் வைக்கிறார்கள். புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடிக்கொண்டிருக்கும், பார்வைக்கு நல்ல எலியாகவே தெரியும். அதை விழுங்கிய பாம்புக்கு உள்ளுக்குள் ரத்தம் கசியலாம். வீட்டெலி இன்னும் மோசம். கடைகளில் விற்ற எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் மனிதனின் கல்லீரலையே செயலிழக்க வைக்கிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காக எச்சரித்து வருகிறார்கள். விஷம் இல்லாவிட்டாலும் குடற்புழு, உண்ணி, சிற்றுண்ணி எல்லாம் வரும். குளிர்காலத்தில் நம் மாவட்டத்தில் அதிகம் பார்க்கும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் எலிகளின் மேல் வாழும் சிற்றுண்ணிக் குஞ்சுகள் கடிப்பதால் வருவது. எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்தில் பரவுகிறது. அந்தச் சாக்குப்பையை வீட்டுக்குள் கொண்டுவருவது பாம்புக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டாருக்கும் ஆபத்து. பெருச்சாளிக் குட்டி, மூஞ்சூறு, பல்லி, ஓணான் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

கடை எலியின் தரத்தில் நம்பிக்கை இல்லை என்றால் நீங்களே ஒரு ஜோடி வளர்க்கலாம். பெரிய எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம், குட்டி பால் மறக்க இன்னும் மூன்று வாரம். வெறும் அரிசி போட்டு வளர்த்த எலியில் சத்து இருக்காது. கேழ்வரகு, கம்பு, கடலை, முளைகட்டிய பயறு, காய்கறித் துண்டு என்று கலந்து கொடுங்கள். ஆரணி ஆலைகளில் இருந்து மூட்டை மூட்டையாக உமி கிடைக்கும். தூசி சலித்துப் போட்டால் படுக்கைக்கு ஆகும், கிழித்த தாள் அதைவிட நல்லது. கூண்டு நாறினால் எலிக்கு நெஞ்சில் சளி கட்டும், அதனால் வாரம் இருமுறை மாற்ற வேண்டும். ஒரே பாம்புக்காக இவ்வளவு வேலையா என்று தோன்றினால் வாங்குவதே சரி.

வீட்டில் நான்கு வயதுத் தங்கை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பாம்பையோ எலியையோ அவற்றின் தண்ணீர்ச் சட்டியையோ தொடக் கூடாது. சால்மொனெல்லா அவர்களைத்தான் கடுமையாகத் தாக்கும். இடுக்கி, சட்டி எதையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். உங்களை எலி கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். சில நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தால் எலி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். எலிக்கடிக் காய்ச்சல் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது, சொன்னால்தான் அவர் அந்தத் திசையில் யோசிப்பார்.

கடைசியாகச் சட்டம். உங்களுடையது ஆப்பிரிக்க இனம், அதனால் வைத்திருக்கலாம், பதிவு இருந்தால். 2022இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள அயல்நாட்டு இனங்கள் நான்காம் அட்டவணையில் வருகின்றன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். வாங்கினாலும் கை மாற்றினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டு மலைப்பாம்பு, சாரை, மண்ணுளி எதையும் வீட்டில் வைக்க அனுமதி கிடையாது, அமிர்திக் காட்டில் வழியில் கிடந்தது என்றாலும்.

இன்னொன்று, நண்பர்களைக் கூப்பிட்டு எலி பிடிப்பதை வீடியோ எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வேடிக்கைக்காக மட்டும் ஒரு விலங்கை அடைத்து வைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவதைக் குற்றம் என்கிறது. பாம்புக்கு உணவு கொடுப்பது வேறு, கூட்டம் கூட்டிக் காட்டுவது வேறு. பால் பைத்தான் கூச்சம் மிகுந்த பாம்பும்கூட. ஐந்தாறு பேர் சுற்றி நின்று போன் வெளிச்சம் அடித்தால் அது தலையை உள்ளே இழுத்துச் சுருண்டுவிடும். அன்று மாலை அது எலியைத் தொடாமல் இருந்ததற்கு அதுவே காரணமாகவும் இருந்திருக்கலாம். அடுத்த முறை அறையில் நீங்கள் ஒருவர் மட்டும் இருங்கள், விளக்கும் போனும் அணைந்திருக்கட்டும்.